கால் நீண்ட எழுத்து

6

கப்போன் தெருவில் அதுவரை திருடு போனவை எல்லாம் தரைக்கு மேலே இருந்தவை. தொங்கவிட்ட வறுத்த வாத்து, வாசலில் மாட்டிய சிவப்பு விளக்கு, ஒருமுறை வாண்டன் சூப் குடித்துக்கொண்டிருந்த ஒருவரின் தொப்பி. தரையே திருடு போனது இதுதான் முதல் தடவை.

காசிமீரோ குழியைக் குனிந்து பார்த்தான். ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம். தெரு நெடுகப் பதித்திருக்கும் செந்நிறக் கற்களில் ஒன்று இருந்த இடம். ஒவ்வொரு கல்லிலும் இந்தத் தெருவில் பிழைத்த ஒரு சீனக் குடும்பத்தின் பெயர் ஸ்பானிய எழுத்தில் வெட்டியிருக்கும். இருபத்தைந்து வருஷமாக லீமா நகரமே அந்தப் பெயர்கள்மேல் நடந்து வந்து, சௌஃபா என்ற வறுத்த சாதமும் வாத்தும் சாப்பிட்டு, திரும்ப அதே பெயர்கள்மேல் நடந்து வீட்டுக்குப் போகிறது. ஒருவரும் நின்று படித்ததில்லை.

"நல்ல கேஸ் அக்கா," என்றான். "குழி காலியா இருக்கு. ஒளிஞ்சு கிடக்க இடமே இல்ல. ஒரு சந்தேகம் தீர்ந்துச்சு."

தெல்ஃபினா குவோமான் குழியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து பிறர் பெயர்களை எழுதியவள். ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு கல்யாணக் கேக் கடைக்கு மேல் மாடியில் 'துப்பறியும் அலுவலகம்' என்று பலகை மாட்டிவிட்டாள். காசிமீரோ அவளிடம் உதவியாளனாகச் சேருவதற்கு முன் பஸ் கண்டக்டர். பதினேழு வருஷம் படியில் தொங்கிக்கொண்டு ஸ்டாப் பெயர்களைக் கத்தியவன். அவனுக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. எத்தனையோ கேஸ்களில் அது பிரச்சினையாகியிருக்கிறது.

"மூணு வாரத்துல மூணு கல்லு!" என்றார் அகுஸ்தோ சியோக். தெரு வியாபாரிகள் சங்கத் தலைவர். தெருவின் மிகப் பெரிய சீன ஓட்டல் அவருடையது. நூற்றிருபது பேர் உட்காரலாம். "கடைசியா போனது எங்க குடும்பத்துக் கல்லு. எங்க அப்பா பேரு போட்டது."

"யார்மேல சந்தேகம்?" என்று கேட்டாள் தெல்ஃபினா.

தலைவர் விரலை நீட்டினார். குழியிலிருந்து நான்கடி தள்ளி, ஷூ பாலிஷ் போடும் சத்துர்னீனோ வாடிக்கையாளர் ஏறி உட்காரும் உயர நாற்காலியின் முன்னால், தன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். மலைப்பக்கத்து ஆள். விரல் தன்னை நோக்கி நீண்டிருக்கிறது என்று தெரிந்தும் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இவன்தான். கல்லு போன மூணு நாளும் இங்கயே உக்காந்திருந்தான்."

"இருபத்திரண்டு வருஷமா இங்கயேதான் உக்காந்திருக்கான்," என்றான் காசிமீரோ. "அந்தக் கணக்குப்படி இந்நேரம் தெருவே இருக்கக் கூடாதே?"

"உன்னைக் கேக்கல," என்றார் தலைவர், காசிமீரோவின் தோளுக்குப் பின்னால் பார்த்து. காசிமீரோ கறுப்பு இனத்தவன். அவனோடு பேச நேரும்போதெல்லாம் தலைவர் அவனுக்குப் பின்னால் நிற்கும் யாரோ ஒருவரோடுதான் பேசுவார். முதல் தடவை காசிமீரோ திரும்பிக்கூடப் பார்த்தான். யாரும் இல்லை.

"சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கக் கூட்டம். அதுக்குள்ள எனக்குப் பேரு வேணும். இல்லைன்னா இவன் நாற்காலியைத் தூக்கித் தெருமுனை அலங்கார வளைவுக்கு வெளியே போட்டுடுவோம். அப்புறம் இந்தத் தெருப்பக்கமே வரக் கூடாது."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்தார். இரண்டு வரி அவரே எழுதியிருந்தார். பச்சை மசிப் பேனாவால் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தைக் கவனிக்கப் போனார். தெல்ஃபினா அந்த இரண்டு வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"என்னக்கா, எழுத்துப்பிழையா?"

"பிழை இல்ல," என்றாள். "தேவைக்கு மேல ஒரு வார்த்தை."

சத்துர்னீனோவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள். அவன் பழக்கத்தில் பிரஷ்ஷை எடுத்தான்.

"ஆளைப் பாத்தியா?"

"பாத்தேம்மா. மூணு தடவையும் பாத்தேன்."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மூஞ்சியை நான் பாக்கறதில்லம்மா. பாத்தா பேரம் பேசுவாங்க."

காசிமீரோ வானத்தைப் பார்த்தான். மழை என்று சொல்லிக்கொள்ளக்கூடத் துணிச்சல் இல்லாத லீமாத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. "நமக்கு ஒரே ஒரு சாட்சி. அவரும் முழங்காலுக்கு மேல பாக்க மாட்டாராம்."

"அப்போ கீழே பாத்ததைச் சொல்லு," என்றாள் தெல்ஃபினா.

சத்துர்னீனோவுக்கு அதில் தயக்கமே இல்லை. "கறுப்பு ஷூ. பழசு, ஆனா நல்ல தோல். இடது குதி உள்பக்கமா தேஞ்சிருக்கும். வலது முட்டிக்காலை ஊன்றி உக்கார்ற வேலைக்காரர். வயசானவரு. ஒவ்வொரு தடவையும் மொதல்ல எங்கிட்ட வந்து பாலிஷ் போட்டுக்குவாரு. அப்புறம் ரோட்டுல வைக்கிற ஆரஞ்சு கோன் ரெண்டை எடுத்து வச்சுட்டு, மண்டி போட்டுக் கல்லைப் பேத்தெடுப்பாரு."

"யாருன்னு நீ கேக்கலையா?" என்றான் காசிமீரோ.

"கோன் வச்சிருந்தாரே சாமி."

காசிமீரோ தலையாட்டினான். அவனாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டான். கோன் வைத்திருப்பவனை இந்த நகரத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணேகாலுக்கு. அந்நேரம் தெருவே தட்டைத்தானே பாக்கும்."

"வேற ஏதாவது?"

"வெள்ளைப் பொடிம்மா. ஷூ தையலுக்குள்ள. மாவுன்னு நெனச்சேன். இந்தத் தெருவுல யார் காலைப் பாத்தாலும் மாவு இருக்கும். ஆனா மாவுன்னா ஈரத்துணி பட்டா பசையாகும். இது ஆகல. சிமெண்ட்டுன்னா தோலைத் தின்னுடும். தோல் நல்லா இருந்துச்சு. பிரஷ் போட்டா வெயில்ல மினுங்குது."

"லீமாவுல ஏதுய்யா வெயிலு?" என்றான் காசிமீரோ.

"மினுங்குற அளவுக்கு."

"சலவைக்கல் பொடி," என்றாள் தெல்ஃபினா. இறங்கினாள். தலையைக் குனிந்துகொண்டு தெருவோடு நடக்க ஆரம்பித்தாள்.

காசிமீரோ பின்னால் போனான். மூலிகைக் கடை, வாத்துத் தொங்கும் கண்ணாடி, கைரேகை பார்க்கும் மூன்று பெண்கள் என்று தாண்டிப் போனார்கள். மூன்று பெண்களும் அவனுக்கு ஒரே சமயத்தில் மூன்று வேறு எதிர்காலங்களைச் சொன்னார்கள். தெரு முடியும் வளைவு வரை போய்த் திரும்பினார்கள். இரண்டாவது நடையில் அவனுக்கும் உறைத்தது.

"அக்கா. மூணு கல்லு போச்சுன்னாரு. குழி ஒண்ணுதானே இருக்கு?"

"இப்பதான் எண்ணினியா?"

"கண்டக்டர்க்கா நான். ஏறினவங்களைத்தான் எண்ணுவேன். இறங்கினவங்களை எண்ண மாட்டேன்."

தெல்ஃபினா ஒரு தேநீர்க் கடை முன்னால் மண்டி போட்டாள். அந்தக் கல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் சிவப்பாக இருந்தது. ஓரத்துச் சாந்து புதுசு. கைக்குட்டையால் துடைத்தாள். மேல் வரியில் 'சென் கிட், 1911' என்று இருந்தது. அதற்குக் கீழே, அழுக்கு ஏறாத வெட்டில், இன்னொரு வரி: 'பெத்ரோனிலா பரேதெஸ்'.

இரண்டாவது கல் பட்டாசுக் கடை வாசலில் கிடைத்தது. மேலே 'லெய் ஹோப்'. கீழே புதிதாக 'ஃபெலிசியானா ரீமாக்'.

காசிமீரோ இடுப்பில் கைவைத்து நின்றான். "திருடிட்டுப் போய், எழுத்தைக் கூட்டி, சுத்தம் பண்ணி, திரும்பக் கொண்டாந்து பதிச்சிருக்கான். இவனைத் திருடன்னா மத்த திருடங்க கோவிச்சுக்குவாங்க."

"ரெண்டு கல்லும் திரும்பி வந்தது தலைவருக்குத் தெரியல. அவரு தன் கல்லை மட்டும்தான் பாத்திருக்காரு," என்றாள் தெல்ஃபினா. "இந்த ஆர் எழுத்தைப் பாரு."

பார்த்தான். பரேதெஸில் வரும் ஆர், ரீமாக்கில் வரும் ஆர், இரண்டுக்கும் கால் வழக்கத்தைவிட நீளம். அடுத்த எழுத்தின் காலடி வரை போய் மிதிப்பதுபோல நீண்டிருந்தது. அவள் நகர்ந்து, அதே தெருவின் பழைய கல் ஒன்றைக் காட்டினாள். இருபத்தைந்து வருஷத்து அழுக்குக்குள்ளும் அதே நீண்ட கால்.

"மொதல்ல இந்தக் கல்லெல்லாம் வெட்டினவரே இப்பவும் வெட்டறாரு. சலவைக்கல் பொடி, வயசான ஆள், மண்டி போட்டுத் தேஞ்ச ஷூ. சலவைக்கல்லுல பேரு வெட்டறவங்க எங்க இருப்பாங்க?"

"கல்லறைத் தோட்டத்து வாசல்ல."

"நட."

பத்துப் பன்னிரண்டு தெரு. டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்ததால் நடந்தே போனார்கள். வழியில் காசிமீரோ தெருவின் பெயரைப் பற்றி யோசித்தான். அந்தக் காலத்தில் சந்தைக்கு வரும் பன்றிகளுக்கு அங்கே வைத்துத்தான் காயடிப்பார்களாம். கப்போன் என்று பெயர் வந்தது அதனால்தான்.

"பன்னிங்களோட கதையைப் பேரா வச்ச தெருவுல போய் மனுஷங்க பேரைக் கல்லுல வெட்டியிருக்காங்க," என்றான்.

தெல்ஃபினா வேறு ஏதோ யோசனையில் இருந்தாள். "காசி, கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிஞ்சு இந்தத் தெருவுக்கு வந்த சீனாக்காரங்க யாரு?"

"ஆம்பளைங்க."

"கப்பல்ல பொம்பளைங்க வந்தாங்களா?"

"விரல் விட்டு எண்ணலாம்."

"தெரு நெடுக அத்தனை கல்லுலயும் குடும்பம்னு போட்டிருக்கு. அந்தக் குடும்பமெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"தபால்ல வந்திருக்குமோ?" என்றான் காசிமீரோ. சொல்லி முடித்த பிறகு அவனுக்கே அது சிரிப்பாகத் தோன்றவில்லை.

கல்லறைத் தோட்டத்து மதிலோரம் கல் வெட்டும் பட்டறைகள் வரிசையாக இருந்தன. சாத்தி வைத்திருந்த மாதிரிக் கற்களில் ஆர் எழுத்தைத் தேடிக்கொண்டு போனார்கள். ஆறாவது பட்டறையில் எல்லா ஆருக்கும் கால் நீளம். உள்ளே ஒரு கிழவர் பெஞ்சின் மேல் குனிந்து, மூக்கு கல்லில் படும் அளவுக்கு நெருங்கி உளி பிடித்திருந்தார். கறுப்பு ஷூ. இடது குதி உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. பளபளவென்று பாலிஷ். மூலையில் இரண்டு ஆரஞ்சு கோன்.

"ஐயா," என்றான் காசிமீரோ, "நாங்க உங்களைப் பிடிக்க வந்திருக்கோம்."

"இன்னும் ரெண்டு எழுத்து பாக்கி," என்றார் கிழவர் நிமிராமல். "உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். பெஞ்சில் இருந்தது தலைவரின் குடும்பக் கல். மேலே 'சியோக் ஃபாத் லாம்'. கீழே 'தோமாசா அங்கு' வரை வந்திருந்தது. அவர் பொறுமையாக எல், ஓ என்று மீதி இரண்டு எழுத்தையும் வெட்டி முடித்தார். ஊதினார். பிறகுதான் பெயரைச் சொன்னார். லியோன்சியோ சென்.

"சென் கிட் உங்க அப்பாவா?" என்று கேட்டாள் தெல்ஃபினா.

"அப்பா. பெத்ரோனிலா எங்க அம்மா. சந்தையில உருளைக்கிழங்கு வித்தாங்க. அப்பா முடியாம கிடந்த பதினோரு வருஷமும் கடையை நடத்தினது அவங்கதான்."

அலமாரியிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் ரொட்டி டின்னை இறக்கினார். உள்ளே மஞ்சள் பூத்த சீட்டுகள். கல் பதித்த காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லில் என்ன வெட்ட வேண்டும் என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்த ஆர்டர் சீட்டுகள்.

"சீனப் பொண்டாட்டி இருந்தா பிரச்சினை இல்ல. உள்ளூர்ப் பொம்பளைங்க பேரு வந்த சீட்டை மட்டும் தனியா எடுத்து வச்சேன். நாப்பத்தொண்ணு. பாருங்க, எங்கிட்ட வரும்போதே அந்தப் பேரைக் கோடு போட்டு அடிச்சுத்தான் வந்துச்சு. சீனப் பேரு மட்டும் போதும், அதுதான் தெருவுக்கு அழகுன்னு சங்கத்துல சொன்னாங்க. கூலிக்கு வெட்டறவன் நான். எங்க அம்மா பேரையும் அடிச்சிருந்தாங்க. அதையும் அப்படியே விட்டுட்டு வெட்டினேன்."

கொஞ்ச நேரம் உளியைத் துடைத்தார்.

"அதனால இருபத்தஞ்சு வருஷமா தூக்கம் வரலைன்னு சொல்ல மாட்டேன். நல்லாத்தான் தூங்கினேன். போன வருஷம் டாக்டர் என் கண்ணு போயிட்டிருக்குன்னாரு. அப்பதான் தூக்கம் போச்சு."

"சங்கத்துல கேட்டிருக்கலாமேய்யா?" என்றான் காசிமீரோ.

"மூணு கடிதம் போட்டேன். அடிச்ச சீட்டெல்லாம் எங்கிட்ட இருக்கு, நானே சும்மா வெட்டித் தர்றேன்னு எழுதினேன். பதில் வரல. கோன் வாங்கினேன்."

தெல்ஃபினா பையிலிருந்து தலைவரின் ஒப்பந்தத்தை எடுத்து விரித்தாள். "காசி, படி."

காசிமீரோ உரக்கப் படித்தான். "'திருடனையும், கல்லையும், அவனிடம் உள்ள காகிதங்களையும் ஒப்படைக்க வேண்டும்.'"

"கல்லைத் திருடினவன்கிட்ட காகிதம் எதுக்கு இருக்கணும்? காலையிலேருந்து அதைத்தான் யோசிக்கறேன். அவருக்குக் கல்லு வேண்டாம். இந்த டின்னுதான் வேணும். தானே வந்து கேட்டா விஷயம் வெளிய வரும்னு, சத்துர்னீனோவைச் சாக்கு வச்சு நம்மை அனுப்பியிருக்காரு." அவள் சீட்டுகளில் ஒன்றை உருவி ஒப்பந்தத்தின் பக்கத்தில் வைத்தாள். சீட்டில் நடுங்கும் கையெழுத்தில் 'சியோக் ஃபாத் லாம், என் மனைவி தோமாசா அங்குலோ, சான்யா ஊர்' என்று எழுதியிருந்தது. இரண்டாவது பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு. மசி மங்கியிருந்தது. ஆனாலும் பச்சை.

"அந்தக் காலத்துல சங்கச் செயலாளர் யாரு?"

"அகுஸ்தோதான்," என்றார் லியோன்சியோ. "பேனாவை மட்டும் இன்னும் மாத்தல."

காசிமீரோவுக்குத் தலைவரின் ஓட்டல் மெனுவின் முதல் பக்கம் நினைவுக்கு வந்தது. 'சீனாவின் கான்டனில் பிறந்த என் தாயின் கைப்பக்குவம்.' சான்யா ஊரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. சான்யா வடக்கே இருக்கிறது. கரும்புக் காட்டில் உழைத்த கறுப்பு மக்களின் ஊர்.

"சொந்த அம்மாவையா?" என்றான். அவன் குரல் இவ்வளவு தாழ்ந்து தெல்ஃபினா கேட்டதே இல்லை.

ஐந்தரை மணிக்குக் கப்போன் தெருவில் இரண்டு ஆரஞ்சு கோன்கள் நின்றன. லியோன்சியோ மண்டி போட்டுச் சாந்து பூச, காசிமீரோ கல்லைத் தாங்கிப் பிடித்தான். கோன் இருந்ததால் முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு சமையல்காரர் நின்றார். மூலிகைக் கடைக்காரி நின்றாள். கூட்டம் சேர்ந்தது. தலைவர் துண்டால் கை துடைத்துக்கொண்டே ஓட்டலிலிருந்து வந்தார்.

"பேரு கிடைச்சுதா?" என்று தெல்ஃபினாவைக் கேட்டார்.

"கிடைச்சுது."

"யாரு?"

"தோமாசா அங்குலோ."

தலைவர் கீழே பார்க்கவில்லை. "நான் திருடன் பேரைக் கேட்டேன்."

"திருடு போனதே பேருதான். அடிச்ச சீட்டும் எங்கிட்ட இருக்கு. ஆறு மணிக் கூட்டத்துல யார் அடிச்சதுன்னு கேட்டா சொல்றேன். கேக்கலைன்னா சொல்ல மாட்டேன். உங்க இஷ்டம்."

அப்போதுதான் சத்துர்னீனோ தன் முக்காலியிலிருந்து எழுந்து வந்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கல்லைத் தலை சாய்த்துப் பார்த்துப் படித்தான்.

"தோமாசாம்மாவா? ஓட்டல் பின்கட்டுல மேசைத்துணியெல்லாம் துவைச்சுக் காயப் போடுவாங்களே? நான் இங்க வந்த புதுசுல தினம் எனக்கு சூப் கொண்டாந்து தருவாங்க." தலைவரை நிமிர்ந்து பார்த்தான். வழக்கத்துக்கு மாறாக முகத்தை. "அவங்க உங்க அம்மாவா? அன்னிக்குக் கேட்டப்ப வேலைக்காரம்மான்னு இல்ல சொன்னீங்க?"

குத்திக்காட்ட அவன் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தலைவர் துண்டை மடித்தார். பிரித்தார். இன்னொரு தடவை மடித்தார். கடைசியில் கீழே பார்த்தார். ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"இஞ்சி ஜாஸ்தி போடுவாங்க சூப்புல," என்றார்.

"ஆமாங்கய்யா," என்றான் சத்துர்னீனோ. "மூக்குல ஏறும்."

"சான்யாவுக்கு அடுத்த ஊருதான் எங்கப்பா ஊரு," என்றான் காசிமீரோ, சாந்துக் கையைத் துடைத்துக்கொண்டே. "தேடினா ஏதாவது உறவு வரும். எதுக்கும் சொல்லி வைக்கிறேன்."

தலைவர் அவனைப் பார்த்தார். தோளுக்குப் பின்னால் அல்ல. பிறகு கூட்டத்தை நோக்கித் திரும்பி, "இன்னிக்குச் சங்கக் கூட்டம் இல்ல," என்றார். "நாற்காலி இருந்த இடத்துல இருக்கட்டும்." உள்ளே போனார். அன்று மாலை முழுக்க அவர் வெளியே வரவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஓட்டல் பையன்களில் ஒருவன் வந்து, வாசலில் ஒட்டியிருந்த மெனுவின் முதல் பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போனான்.

கூட்டம் கலைந்தது. லியோன்சியோ இன்னும் வெட்ட வேண்டிய முப்பத்தெட்டுச் சீட்டுகளை, தெரு ஓரத்தில் எந்தக் கல் எங்கே என்று பார்த்து வரிசைப்படுத்தித் தரும்படி கேட்டார். தன் கண்ணுக்கு அது கஷ்டம் என்றார். தெல்ஃபினா பாலிஷ் நாற்காலியில் உட்கார்ந்து படிக்க, காசிமீரோ பழைய பழக்கத்தில் ஒவ்வொரு பெயரையும் தெருவே கேட்கும்படி அறிவித்தான். கடைகளுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். "அது எங்க அத்தை!" என்று ஒருத்தி கத்தினாள்.

இருபத்தொன்பதாவது சீட்டில் தெல்ஃபினா நின்றுவிட்டாள்.

"என்னக்கா? சொல்லுங்க, கத்தறேன்."

அவள் சீட்டை அவனிடம் தரவில்லை. தன் அப்பாவின் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். தாத்தாவின் பெயரும் தெரியும். குவோமான் யாத். அந்தக் கல்லை அவள் தினமும் மிதித்துக்கொண்டுதான் அலுவலகம் போகிறாள். பாட்டியின் பெயர் ஹசிந்தா. அவர் இறந்தபோது பதிவேட்டில் அதை எழுதியதே அவள்தான். சீட்டில் இருந்த பெயர் ஹசிந்தா இல்லை.

"எஸ்கொலாஸ்திகா ரோபிளெஸ்," என்று மெல்லப் படித்தாள்.

"யாருக்கா அது?"

"தெரியல."

அவளிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு பெயரைப் பார்த்து அவள் அந்த வார்த்தையைச் சொல்லிக் காசிமீரோ கேட்டதில்லை. சொல்ல அவனுக்கு ஏழெட்டு வேடிக்கைகள் தோன்றின. எல்லாவற்றையும் விழுங்கினான். தெல்ஃபினா சீட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு லியோன்சியோவிடம் நீட்டினாள்.

"இதையும் வெட்டிடுங்க," என்றாள். "யாருன்னு நான் அப்புறம் கண்டுபிடிச்சுக்கறேன்."